மதுரை நாடகசாலை: ஓவியச் சான்றும் சொற்சான்றும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதியில், கூடலூரை அடுத்த மலைமுகட்டில், மங்கலதேவி கோட்டம் சிதைந்த நிலையில் நிற்கின்றது. ஆண்டுதோறும் சித்திரை முழுமதி நாளில் மக்கள் அம்மலை ஏறிக் கண்ணகியை வழிபடுகின்றனர். மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரை வழியே மேற்கே நடந்து ஏறிய நெடுவேள்குன்றம் இதுவே என, 1963ஆம் ஆண்டில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆய்ந்து கூறினார். அறிஞர் பலர் அதனை ஏற்பர், மாறுபடுவாரும் உளர். அவ்வழக்கில் யாம் ஈண்டு புகவில்லை. கண்ணகி மலையேறிய செய்தியைப் பிற்பகுதியிற் கூறும் சிலப்பதிகாரமே, தன் மூன்றாம் காதையில் தமிழரின் ஆடரங்கு எவ்வாறு அமைந்தது என்பதை அளவொடு கூறுகின்றது. 1996ஆம் ஆண்டு வரை மதுரை மாவட்டத்தோடு இருந்த இப்பள்ளத்தாக்கினின்று மதுரைக்குச் செல்லும் மாணாக்கர், அங்குத் திருமலை நாயக்கர் அரண்மனையில் ‘நாடகசாலை’ என்னும் பெயர் தாங்கிய பெருங்கூடம் ஒன்றைக் காண்கின்றனர். கண்டவுடன் அவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. சிலம்பு கூறும் அரங்கின் வழிவந்ததோ இக்கூடம்? பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நகரில் நாடகத்திற்கென்றே ஒரு மாளிகை இருந்தது எனத் தமிழ் நாடக வரலாற்றில் எழுதலாமோ?

இவ்வினாவிற்கு விடை காண்டற்கு மூவகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, அக்கட்டடத்தை முற்காலத்துக் கண்டோர் தீட்டிய ஓவியம். இரண்டாவது, ‘நாடகசாலை’ என்னும் சொல்லின் வரலாறு. மூன்றாவது, கட்டடத்தின் அமைப்பு. இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன, எங்கே முரணுகின்றன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டடத்தின் வரலாறு

மதுரை நாயக்கருள் பெரும்புகழ் பெற்ற திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் 1636ஆம் ஆண்டளவில் எடுப்பித்த அரண்மனை சொர்க்கவிலாசம், அரங்கவிலாசம் என்னும் இரு பெரும் பகுதிகளை உடையதாயிருந்தது. அரங்கவிலாசத்தில் மன்னரின் இளவல் முத்தியாலு நாயக்கர் வாழ்ந்தனர் என்பர். இன்று எஞ்சி நிற்பன சொர்க்கவிலாச முற்றமும், அதனைச் சூழ்ந்த தூண்வரிசைகளும், அதன் வடமேற்கில் அமைந்த நாடகசாலையும் முதலிய சில பகுதிகளே. பிறவெல்லாம் அழிந்தன.

அழிவிற்குக் காரணம் காலம் மட்டும் அன்று. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் (1659–1682) தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து, அழகிய உறுப்புகளை அங்குக் கொண்டு சென்றனர் என்பது வரலாறு. பின்னர் எஞ்சியவை கவனிப்பாரின்றிக் கிடந்தன. கும்பினியார் காலத்தில் படைவீரர் தங்கும் இடமாகவும் அவை பயன்பட்டன. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு இதன் சிறப்பை உணர்ந்து செப்பனிடச் செய்தனர். அதன்பின் நீதிமன்றங்கள் இங்கு நெடுங்காலம் நடைபெற்றன. 1970ஆம் ஆண்டில் அவை வேறிடம் சென்றன. இன்று இவ்வரண்மனை தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. நாடகசாலைக் கூடத்தில் கற்சிற்பங்கள் முதலியன காட்சிக்கு வைக்கப்பெற்றன.

இவ்வரலாற்றில் ஒன்றை மறவாது மனத்துட் கொள்ளல் வேண்டும். இன்று நாம் காணும் சுதை வேலையும் சுவர்ப் பூச்சும் வண்ணமும் முழுவதும் திருமலை நாயக்கர் காலத்தன அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் செய்த பழுதுபார்ப்புகள் அவற்றோடு கலந்துள்ளன. ஆதலின், செப்பனிடுதற்கு முன் இருந்த நிலையைக் காட்டும் சான்று எதுவாயினும் அது விலைமதிப்பற்றதாகும். ஓவியத்தின் பயன் இங்கேதான் தொடங்குகின்றது.

டானியல் இருவரும் அவர்தம் ஓவியமும்

தாமசு டானியல் (1749–1840), அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டானியல் (1769–1837) என்னும் ஆங்கில ஓவியர் இருவரும் 1786ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடைந்தனர். வடநாட்டில் பல ஆண்டுகள் சுற்றியபின், 1792ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டனர். மதுரை, பாபநாசம் முதலிய இடங்களைக் கண்டு வரைந்தனர். தாயகம் மீண்டபின், 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக 144 படங்கள் கொண்ட பெருந்தொகுதியை வெளியிட்டனர். மதுரை அரண்மனையின் சிதைவுகளைக் காட்டும் படங்கள் அதன் இரண்டாம் பகுதியில், 1797, 1798ஆம் ஆண்டுகளில், இடம்பெற்றன.

இப்படங்கள் உருவான முறையை அறிந்தாலன்றி இவற்றைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. அஃது மூன்று படிகளை உடையது. முதற்படி, கட்டடத்தின் எதிரே அமர்ந்து கோடுகளால் வரைதலும் நீர்வண்ணம் பூசுதலும் ஆகும். இருட்பேழை என்னும் கருவியின் துணையால் காட்சியின் வடிவத்தைத் தாளில் விழச்செய்து, அவ்வடிவின்மேற் கோடிட்டனர். இதனால் அளவும் விகிதமும் பெரும்பாலும் பிழைபடாமல் அமைந்தன. இரண்டாம் படி, பல ஆண்டுகள் கழித்து, இலண்டனில் செப்புத்தகட்டில் அவ்வடிவை ஏற்றுதல். குங்கிலியப் பொடியைத் தகட்டின்மேற் படியவைத்து, அமிலத்தால் அரிக்கச்செய்து, மென்மையும் செறிவுமான நிழல்களைத் தோற்றுவித்தனர். அச்சிட்ட தாள் நீர்வண்ண ஓவியம் போலவே தோன்றும். மூன்றாம் படி, அச்சான ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம் ஊட்டுதல்.

ஆகவே, கோடுகள் மதுரையில் பிறந்தன. நிழல்கள் இலண்டனில் பிறந்தன. வண்ணமோ, அரண்மனையைக் கண்டறியாத கைகளாலும் ஊட்டப்பெற்றிருத்தல் கூடும். இப்பாகுபாட்டினின்று ஓவியத்தை ஆளும் நெறி ஒன்று கிடைக்கின்றது. தூணின் பருமை, வளைவின் உயரம், எஞ்சிய சுவரின் அளவு ஆகியவற்றிற்கு ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளலாம். சுவரின் நிறம் எது, வானம் எவ்வாறிருந்தது என்பனவற்றிற்கு அதனைக் கொள்ளுதல் ஆகாது.

இன்னுமொன்று. அக்காலத்து ஆங்கில ஓவியர், இடிந்த கட்டடத்தில் ஒருவகை அழகைக் கண்டு இன்புற்றனர். சிதைந்த சுவர், அதன்மேற் படர்ந்த செடிகொடி, பக்கத்திலிருந்து விழும் ஒளி, கட்டடத்தின் பேரளவை உணர்த்துதற்கெனச் சிறிதாக வரைந்த மாந்தர் ஆகிய இவை அவர் மரபின் உறுப்புகள். கட்டடத்தின் அருகே நிற்கும் மாந்தரை அங்கு வாழ்ந்தாரெனவோ ஆடினாரெனவோ கொள்ளுதல் கூடாது. அவர் அளவுகோல் போன்றவர், அவ்வளவே.

இவ்வோவியங்களைச் சரிபார்த்தற்கு நற்பேறாக மற்றொரு சான்றும் உண்டு. 1858ஆம் ஆண்டில், மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான இலின்னேயசு திரைப்பு என்பார் மதுரையின் கோயிலையும் அரண்மனையையும் ஒளிப்படமாக எடுத்தனர். அதுவும் நேப்பியர் பிரபுவின் பழுதுபார்ப்பிற்கு முற்பட்டதே. 1792இல் எழுந்த கோட்டோவியம், 1858இல் எடுத்த ஒளிப்படம், இன்றைய கட்டடம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவார்க்கு, எது பழையது, எது புதுக்கியது என்பது பெரிதும் விளங்கும். இரண்டிலும் உள்ளது பழையது. இரண்டிலும் இன்றி இன்று மட்டும் காணப்படுவது ஐயத்திற்கு உரியது.

ஓவியம் விடையிறுக்கும் வினாக்கள் இவை. ஆயின், ‘இக்கூடத்தில் நாடகம் நடந்ததா’ என்னும் வினாவிற்கு ஓவியம் வாய்திறவாது. ஓவியர் வந்த காலத்தில், திருமலை நாயக்கர் மறைந்து 133 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆடியவரும் இல்லை, கண்டவரும் இல்லை. பயன்பாட்டை அறிதற்குச் சொல்லையே நாடுதல் வேண்டும்.

‘நாடகசாலை’ என்னும் சொல்

நாடகம் என்பது இக்காலத்தில் உரையாடலால் கதை நடத்தும் கலையைக் குறிக்கின்றது. முற்காலத்தில் அதன் பொருள் விரிந்தது. ஆடல், பாடல், அபிநயம் ஆகிய யாவும் அதனுள் அடங்கின. சிலப்பதிகாரப் பதிகம் மாதவியை நாடகக் கணிகை எனக் குறிக்கின்றது. மாதவி ஆடல்மகள், இன்றைய பொருளில் நடிகை அல்லள். தொல்காப்பியத்தில் வரும் நாடக வழக்கு என்பதும் மேடையைக் குறியாது, புனைந்து கூறும் செய்யுள் நெறியையே குறித்தல் காண்க. ஆதலின், நாடகசாலை என்பதன் முன்மொழியை இக்காலப் பொருளில் கொள்ளுதல் வழுவாகும். அதனை ஆடற்கூடம் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. நாடகசாலை என்னும் சொல் இடத்தை மட்டுமன்றி ஆளையும் குறித்தது. ஆடல்மகள் என்னும் பொருளும் அதற்கு உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த ஆடல்மகளிரும் காதற்கிழத்தியரும் நாடகசாலை என்னும் பெயராலேயே வழங்கப்பெற்றனர். அவர் வாழ்ந்த மாளிகை மங்கள விலாசம் எனப்பட்டது. இடப்பெயர் அவ்விடத்தில் உள்ளாரைக் குறித்தல் இடவாகுபெயர் என்பதை யாவரும் அறிவர். ஆயின், இங்கு எது முந்தியது? கூடம் நாடகசாலை எனப் பெயர்பெற்றதனால் அங்கு ஆடிய மகளிர் அப்பெயர் பெற்றனரா? அன்றி, நாடகசாலை மகளிர் இருந்த கூடம் ஆதலின் பின்வந்தோர் அதனை நாடகசாலை என்றனரா? மதுரையைப் பொறுத்தவரை இரண்டாவதும் நிகழக்கூடியதே. அங்ஙனமாயின், அப்பெயர் கட்டடத்தின் வகையைக் கூறும் பெயர் அன்று. அங்கிருந்த மாந்தரை நினைவூட்டும் பெயராகும்.

விலாசம் என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. சொர்க்கவிலாசம், அரங்கவிலாசம், மங்கள விலாசம் என்பவற்றில் அது மாளிகையைக் குறிக்கின்றது. தஞ்சை நாயக்கர் அவையில் அரங்கசம்மா என்னும் புலமைமிக்க பெண்மணி இயற்றிய மன்னாருதாச விலாசம் என்னும் தெலுங்கு நூலிலும், பிற்காலத்து டம்பாச்சாரி விலாசம் என்னும் தமிழ் நூலிலும் அது நாடகத்தைக் குறிக்கின்றது. இன்பக் களிப்பு என்னும் அடிப்பொருளினின்று இரண்டும் கிளைத்தன. இவ்வொற்றுமை கொண்டு, விலாசம் எனப் பெயரிய மாளிகைகள் எல்லாம் நாடக அரங்குகளே எனத் துணிவார் உளராயின், அவர் சொல்லின் ஒலியிற் சிக்கிப் பொருளை இழந்தவராவர்.

செவிவழிச் செய்தியும் இங்கே எச்சரிக்கை தருகின்றது. அரண்மனையின் உயர்ந்த கூடமொன்றைத் திருமலை நாயக்கரின் பள்ளியறை எனக் கூறும் வழக்கும் உண்டு. கூரையிலிருந்து சங்கிலிகளால் தொங்கிய கட்டிலில் மன்னர் துயின்றபோது, கள்வனொருவன் கூரையில் துளையிட்டு, சங்கிலி வழியே இறங்கி அணிகலன்களைக் கவர்ந்தான் என்பது கதை. திருப்பித் தந்தால் நிலம் அளிப்பதாக அரசர் அறிவித்தனராம், அவன் தந்தனன், சொன்னவாறே நிலத்தை அளித்துவிட்டு, அவன் தலையையும் கொய்வித்தனராம். கதையின் உண்மை எவ்வாறாயினும், கூடங்களின் பெயரும் பயனும் மக்கள் நாவில் எளிதில் மாறுவன என்பது இதனால் தெளிவாகும். சுற்றுலாவினர்க்குக் கூறும் விளக்கத்தை வரலாறாகக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளர்க்கு ஆகாது.

சிலம்பின் அரங்கும் நாயக்கர் கூடமும்

இனிக் கட்டடத்தின் அமைப்பை நோக்குவோம். அரங்கேற்று காதை கூறும் அரங்கு கோலால் அளக்கப்பட்டது. உத்தமன் கைப்பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் 7 கோல். நீளம் 8 கோல். தரையினின்று உயரம் 1 கோல். மேடைத் தளத்திற்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைப்பட்ட உயரம் 4 கோல். புகவும் வெளிவரவும் இரண்டு வாயில்கள் உண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் உண்டு. தூண்களின் நிழல் ஆடுவார்மேலும் அவைமேலும் விழாதவாறு விளக்கு அமைதல் வேண்டும் என்றும் கூறப்படுகின்றது.

ஒரு பெருவிரலை ஓரங்குலம் எனக் கொண்டால், ஒரு கோல் 2 அடியாகும். அங்ஙனமாயின், அரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது; மேடைக்கு மேலுள்ள உயரம் 8 அடி. நாயக்கர் அரண்மனைக் கூடமோ நூறடியை மிஞ்சிய நீளமும் ஏறக்குறைய 70 அடி உயரமும் உடையது. உயரத்தில் மட்டும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாடு. மேலும், முன்னது ஆடுவார் நிற்கும் மேடையின் அளவு. பின்னது ஆடுவாரும் காண்பாரும் ஒருங்கே அமையும் கூடத்தின் அளவு. இரண்டையும் ஒப்பிட்டு, இது பெரிது, அது சிறிது என்றல் பொருந்தாது. ஒப்பிடத்தக்கது வேறொன்று. சிலம்பின் அரங்கில் மேடை உண்டு, திரை உண்டு, இரு வாயில் உண்டு. கதைமாந்தர் தோன்றவும் மறையவும் வழியுண்டு. நாயக்கர் கூடத்திலோ தூண்வரிசைகளும் வளைவுகளும் உயர்ந்த கூரையும் உள்ளன. திரையிட்டு மறைத்தற்கென அமைந்த மேடை இல்லை.

ஒலியைக் கொண்டும் இதனை ஆராயலாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1100 அடி செல்லும். 70 அடி உயரக் கூரையில் மோதித் திரும்பும் ஒலி 140 அடி செல்லுதல் வேண்டும். அதற்கு நொடியில் எட்டிலொரு பங்கு ஆகும். மெருகேற்றிய சுண்ணச் சுவர்கள் ஒலியை உட்கொள்ளாது மீண்டும் மீண்டும் எறிவன. விரைந்து பேசும் உரையாடலில் முதலசையின் எதிரொலி அடுத்த அசையின்மேல் வந்து விழும், சொல் மயங்கும். நீண்ட இசைக்கும் தாளமிட்ட சதங்கை ஒலிக்கும் இவ்வெதிரொலி அத்துணைக் கேடு செய்யாது. இசைக்கு ஒருவகை நிறைவையும் தரும். ஆகவே, இக்கூடம் உரையாடல் நாடகத்திற்கு ஏற்றதன்று. இசையொடு கூடிய ஆடலுக்கு ஏற்றது எனக் கொள்ளலாம். சொல்லாராய்ச்சியால் யாம் பெற்ற முடிபும் இதுவே.

கூடத்திற்கு வெளியே நடந்த நாடகம்

இதனால் நாயக்கர் காலத்தில் தமிழ் நாடகம் இல்லை என்பது பொருளன்று. குறம், குறவஞ்சி, பள்ளு, நொண்டி நாடகம் எனப் பொதுமக்கள் சுவைக்கும் வகைகள் வளர்ந்த காலம் நாயக்கர் காலமும் அதனை அடுத்த காலமுமே. திருமலை நாயக்கர் காலத்து வாழ்ந்த குமரகுருபரரே மீனாட்சியம்மை குறம் பாடினர். அதற்கு ஆறு நூற்றாண்டுகட்கு முன், தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் ஆடுதற்கு, விசயராசேந்திர ஆசாரியன் எனப் பெயர்பெற்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டிற்கு 120 கலம் நெல் அளித்ததை இரண்டாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு கூறுகின்றது. அந்நாடகத்திற்குத் தனி மாளிகை இல்லை. திருவிழாவே அதன் காலம், கோயிலே அதன் களம்.

அம்மரபு அறுந்துவிடவில்லை. சங்கரதாச சுவாமிகள் (1867–1922) 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினர். அவர்தம் வள்ளி திருமணம் மதுரை, தேனிப் பகுதிகளின் ஊர்த்திருவிழாக்களில் விடிய விடிய நடிக்கப்பெறுவதாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூரில் கோயில் எதிரே பொட்டலில் மேடை எழும். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்கும். வயலினின்று வந்தோர் பாயும் போர்வையுமாக அமர்வர். விடிந்ததும் மேடை பிரிக்கப்படும். பிரிக்கப்பட்ட மேடையை எந்த ஓவியரும் வரைந்திலர். ஒரு நாட்டின் நாடக வரலாற்றை எஞ்சி நிற்கும் கட்டடத்தையும் எழுதிய ஓவியத்தையும் மட்டுமே கொண்டு எழுதுவோமாயின், அரசர் கண்ட ஆடல் வரலாறாகும். மக்கள் கண்ட நாடகம் இல்லாததாகிவிடும். இஃது சிறிய இழப்பன்று.

மற்றோர் இழப்பும் உண்டு. நாடகசாலை என்னும் சொல்லைக் கட்டடத்திற்கே உரியதாக்கிவிட்டால், அச்சொல்லால் வழங்கப்பெற்ற ஆடல்மகளிர் வரலாற்றினின்று மறைவர். அவர்தம் கலை, கல்வி, அரண்மனையிற் பெற்ற மதிப்பு, பட்ட அடிமைத்தனம் ஆகிய யாவும் ஆராய்தற்குரியன. தூணின் உயரத்தை அளப்பார் பலர்; அத்தூணின் அடியில் ஆடியவர் யாவர் என வினவுவார் சிலரே.

முடிபுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: மதுரை அரண்மனையின் பழைய வடிவை அறிதற்கு 1792இல் வரைந்த ஓவியங்கள் சிறந்த சான்றாகும்; 1858ஆம் ஆண்டு ஒளிப்படங்களோடு ஒப்பிட்ட பின்னரே அவற்றை ஆளுதல் வேண்டும். நாடகசாலை என்பது இக்காலப் பொருளில் நாடக அரங்கு அன்று. அது ஆடற்கூடம், அன்றி ஆடல்மகளிரோடு தொடர்புடைய கூடம். சிலப்பதிகார அரங்கின் மரபு அக்கூடத்தில் தொடர்ந்தது என்பதற்கு அமைப்பில் சான்றில்லை.

இனிச் செய்யத்தக்க பணிகளும் உள. கூடத்தின் அகநீளம், அகலம், தூணிடைவெளி ஆகியவற்றை அளந்து, ஓவியத்திற் காணும் விகிதத்தோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். நாடகசாலை என்னும் சொல் கல்வெட்டிலும் ஓலையிலும் மோடி ஆவணத்திலும் எங்கெங்கு இடமாகவும் எங்கெங்கு ஆளாகவும் வருகின்றது எனத் தொகுத்தல் வேண்டும். கம்பம், உத்தமபாளையம், போடி முதலிய ஊர்களில் முதிய நடிகரும் பின்பாட்டுக்காரரும் வாழும்போதே, மேடை அமைக்கும் முறையையும் அதன் அளவையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். முன்னிரண்டு பணிகள் சில காலம் காத்திருத்தல் கூடும். மூன்றாவது காத்திராது. கல்லும் தாளும் நின்று நிலவும். முதியோர் நினைவு அவரோடு செல்லும். தமிழ் முதுகலை மாணாக்கர் இப்பணியை முதற்கண் மேற்கொள்ளுதல் நலம் என்பது எம் கருத்து.